எழுபது வயதிலும் எடை தூக்கலாம்

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

உடற்பயிற்சித் துறையில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது, அதில் நீங்கள் எதை ஆர்வமாக எதிர்பார்க்கிறீர்கள், அதைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தில் கேட்டுக்கொண்டார்கள். நான் மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அறுபதைத் தாண்டியவர்கள். மூட்டுவலி, இடுப்புவலி, வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், இப்படி. அதனால் என் பேச்சும் அவர்கள் பக்கம்தான் சாயும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒரு கருத்துக்கணிப்பு நடத்திவருகிறது. பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்டுகள், மருத்துவர்கள் என்று பல நாட்டு ஆட்களிடமும் "வரும் ஆண்டில் எது சூடுபிடிக்கும்?" என்று கேட்டுப் பட்டியல் போடுவார்கள். 2025-ம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் கையில் கட்டுகிற ஸ்மார்ட் வாட்ச் போன்ற கருவிகளுக்கு. இரண்டாவது, செல்போனில் வரும் உடற்பயிற்சி ஆப். மூன்றாவது, முதியவர்களுக்கான உடற்பயிற்சி. அந்த மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. நாங்கள் சிலர் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம் அது.

முதலில் வாட்ச் பற்றி ஓரிரு வார்த்தை. இன்றைக்கு எத்தனை அடி நடந்தோம் என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் பத்தாயிரம் அடி நடந்தே ஆகவேண்டும் என்று பலர் தவிக்கிறார்கள். அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுத்த கணக்கில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. விளம்பரத்தோடு சேர்ந்து அந்த எண்ணும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள பெண்களை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. ஆக, எட்டாயிரத்தில் கால் வலித்தால் கவலைப்படாமல் உட்காருங்கள்.

சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

"உடற்பயிற்சி செய்கிறீர்களா அம்மா?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் ஒரே பதில், "நான்தான் தினமும் வாக்கிங் போறேனே." விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி எத்தனை பேர் நடக்கிறார்கள் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் நடை மட்டும் தசையின் பலத்தைக் காப்பாற்றாது. இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது, நாற்பது வயதிலிருந்தே நம் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் பிடிக்கிறது. அதிலும் சட்டென்று இயங்குகிற தசைநார்கள்தான் அதிகம் தேய்கின்றன. குளியலறையில் கால் வழுக்கும்போது, கண் இமைக்கும் நேரத்தில் மறுகாலை ஊன்றிச் சமாளிக்கிறோமே, அந்த வேலையைச் செய்கிற நார்கள் அவை. அவற்றுக்கு வேலை கொடுக்க வேண்டுமென்றால் பாரம் வேண்டும். மெதுவாக நடக்கும்போது அவை பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

"வயசான காலத்தில் எடை தூக்கினால் தசை வளருமா?" என்று கேட்பீர்கள். 1990-ல் பாஸ்டன் நகரத்தில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது 86-லிருந்து 96 வரை. நல்லாக் கேட்டுக்கொள்ளுங்கள், தொண்ணூற்றாறு. திடகாத்திரமானவர்கள் இல்லை, தளர்ந்துபோனவர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று நோய் உள்ளவர்கள். அவர்களுக்கு வாரம் மூன்று நாள், எட்டு வாரம், தொடைக்கு எடைப் பயிற்சி. அதுவும் சின்ன எடை இல்லை. அவரவரால் ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியுமோ, அதில் எண்பது சதவீதம். ஒன்பது பேர் முழுக்க முடித்தார்கள். தொடையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் இருந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்துவிட்டார். எட்டு வாரத்தில்!

அதே குழு 1994-ல் நூறு பேரை வைத்து இதை இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தது. சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடியது. டப்பா டப்பாவாக சத்துமாவு வாங்கி அப்பா அம்மாவுக்கு அனுப்பிவைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் வெளியாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் நம் ஊரில் பெரியவர்களிடம் "பாரம் தூக்காதீர்கள், குனியாதீர்கள், தரையில் உட்காராதீர்கள்" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். சிலருக்கு அது சரியான அறிவுரை, மறுக்கவில்லை. எல்லோருக்கும் அதையே சொல்லும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என்னிடம் வந்த ஓர் அம்மாச்சியைப் பற்றிச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், எழுபதைத் தாண்டிய வயது. முழங்கால் வலி என்றுதான் மருமகள் கூட்டிக்கொண்டு வந்தார். பேசப் பேச வேறொன்று தெரிந்தது. சின்ன மகள் வீட்டுக்கு அவர் போவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் வாய் திறக்கவில்லை. மருமகள் வெளியே போனபிறகு மெதுவாகச் சொன்னார்: "அங்க கீழ உக்கார்ற கக்கூசு தாயி. உக்காந்தா எந்திரிக்க முடியல. மாப்பிள்ளை வீட்ல போயி யாரைக் கூப்பிடுறது?"

இதை ஒரு மனிதர் இன்னொருவரிடம் சொல்லக் கூச்சப்படுவார். ஆனால் எனக்குத் தெரிந்து எத்தனையோ பெரியவர்கள் ஊருக்குப் போவதை, கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துவது இதனால்தான். நாமோ "அம்மாவுக்கு எங்கேயும் வர இஷ்டமில்லை" என்று நினைத்துக்கொள்கிறோம்.

என்ன செய்தோம் தெரியுமா? கையில்லாத மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். அதன்மேல் கெட்டியான இரண்டு தலையணை. உட்காரும் இடம் உயர்ந்துவிட்டதல்லவா, அப்போது எழுவது சுலபம். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது, இறங்குவதுதான் பாதிப் பயிற்சி. எட்டு முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. அது சுலபமானதும் ஒரு தலையணையை எடுத்தோம். பிறகு அடுத்ததையும் எடுத்தோம். அப்புறம் ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். "ஏன் தாயி, இந்த வயசுல என்னைப் பயில்வானா ஆக்கப்போறியா?" என்று ஒரே சிரிப்பு. மருமகளுக்குத்தான் பயம். "அத்தைக்கு வெயிட்டா? எலும்பு ஏதாவது ஆயிடாதா?" என்றார். வீட்டில் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள் என்று கேட்டேன். அத்தைதான். குடத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஒரு கிலோ பருப்புக்குப் பயப்படுகிறோம்!

இரண்டு கிலோ வரை போனோம். அதன்பிறகு நாற்காலியை விட்டுவிட்டு முக்காலி, அதன்பிறகு மணைக்கட்டை. அந்த வருடப் பொங்கலுக்கு அம்மாச்சி சின்ன மகள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தார். முழங்கால் வலி முழுசாகப் போய்விடவில்லை, குறைந்திருந்தது. தொடைத் தசைக்குப் பலம் வந்தால் மூட்டுக்குச் சுமை குறையும்.

நீங்களே வீட்டில் பரிசோதித்துப் பார்க்கலாம். முப்பது விநாடியில், கையை ஊன்றாமல், நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். 60-லிருந்து 64 வயதுக்குள் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. இது அமெரிக்காவில் வைத்திருக்கும் அளவுகோல். 75-லிருந்து 79 வயதுக்குள் பெண்களுக்கு 10. அதற்குக் கீழே வந்தால் விழுவதற்கான அபாயம் கூடுதல். கவலைப்பட ஒன்றுமில்லை, பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். எழும்போது "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சு தானாக வெளியே போகும். மறுநாள் தொடை கடுகடுவென்று வலித்தால் அது தசை வேலை செய்ததன் வலி, ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள், கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையின் பெரும்பகுதியை இழுத்துச் சேமித்து வைக்கிற கிடங்கு தசைதான். அது சுருங்கினால் சர்க்கரைக்குப் போக இடமில்லை. நம் ஊரில் ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். இரவு இரண்டு இட்லியோடு படுத்துவிடும் பெரியவர்களும் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று எதையாவது கூட்டிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்கிற அளவு.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இப்போது பெரிய ஜிம்களில் ஸ்டீல் கிளப் என்று நீளமான கட்டைகளைச் சுழற்றுகிறார்கள். நம் கர்லாக்கட்டையேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தினர் சிப்பாய்கள் சுழற்றுவதைப் பார்த்து, கற்றுக்கொண்டு, ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிக்கூடங்களில்கூடச் சுழற்றினார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ஸிலும் 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸிலும் கட்டை சுழற்றுவது பதக்கப் போட்டியாகவே இருந்தது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காருபவர்களின் தோளுக்கு இதைப்போல ஒரு பயிற்சி கிடையாது. உங்கள் ஊரில் பழைய தேகப்பயிற்சி சாலையோ சிலம்பக்கூடமோ இருந்தால் போய்க் கேளுங்கள், கட்டாயம் ஒரு கர்லாக்கட்டை மூலையில் சாத்தியிருக்கும். லேசான கட்டையில் தொடங்குங்கள். தோள் இறுகிப்போனவர்கள் அது சரியாகும் வரை பொறுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. இன்னும் இரண்டு விஷயம் வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உடம்பு மெலிய இப்போது வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது அல்லவா, அதில் கொழுப்போடு சேர்ந்து தசையும் குறைகிறது. மருத்துவர் சொல்லிப் போட்டுக்கொள்பவர்கள் எடைப் பயிற்சியையும் கூடவே செய்யுங்கள்.

இரண்டாவது, நடைக்காரர்களுக்கு. ஜப்பானில் மாட்சுமோட்டோ நகரத்தில் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தார் பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்த முறை. மூன்று நிமிடம் வேகமாக, அதாவது பேச முடிந்தாலும் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடக்க வேண்டும். அடுத்த மூன்று நிமிடம் நிதானமாக. இப்படி ஐந்து தடவை, மொத்தம் அரைமணி நேரம், வாரத்தில் நான்கு நாள். ஒரே சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குத் தொடை பலமும் மூச்சுத்திறனும் நன்றாகக் கூடின, ரத்த அழுத்தமும் குறைந்தது. ஆய்வு வெளியானது 2007-ல், இப்போதுதான் செல்போன் வீடியோக்களில் பிரபலமாகியிருக்கிறது. தெப்பக்குளத்தில் நடப்பவர்கள் நாளைக் காலையிலேயே செய்து பார்க்கலாம். நாற்காலிப் பயிற்சியை மட்டும் இதற்காக விட்டுவிடாதீர்கள், வாரம் இரண்டு நாளாவது அது வேண்டும்.

ஒற்றைக் காலில் நின்று பழகுவது பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. மீண்டும் அழைத்தால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.