பெல்ட்டுக்காக ஆடிய எட்டுப் பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

கோல்ஃப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அது பணக்காரங்க ஆட்டமாச்சே, ரேடியோவில் யார் கேட்பாங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கோல்ஃபின் மிகப் பழைய பெரிய போட்டியை முதன்முதலில் ஆடியவர்கள் பணக்காரர்கள் இல்லை. பணக்காரர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆடியவர்கள் அவர்களிடம் வேலை பார்த்தவர்கள்.

1860 அக்டோபர் 17. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் என்ற ஊர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆலன் ராபர்ட்சன் இறந்துபோயிருந்தார். அவரை மிஞ்ச ஆளில்லை என்று நாடே ஒப்புக்கொண்ட ஆட்டக்காரர். சரி, அடுத்த பெரிய ஆள் யார்? அதை முடிவு செய்ய பிரெஸ்ட்விக் கிளப் ஒரு போட்டி வைத்தது. வந்தவர்கள் எட்டே பேர். மைதானத்தில் மொத்தம் 12 குழிகள். மூன்று சுற்று, ஒரே நாளில் 36 குழி. ஒவ்வொரு குழியிலும் பந்தை விழவைக்க மட்டையால் எத்தனை முறை அடித்தார்கள் என்பதுதான் கணக்கு, குறைவாக அடித்தவருக்கு வெற்றி. மஸல்பரா ஊர்க்காரர் வில்லி பார்க் 174 அடியில் முடித்தார். பிரெஸ்ட்விக் மைதானத்தையே உருவாக்கிப் பராமரித்துவந்த டாம் மோரிஸுக்கு 176. சொந்த மண்ணில் இரண்டு அடியில் தோல்வி.

பரிசு என்ன தெரியுமா? இடுப்பில் கட்டும் பெல்ட். சிவப்புத் தோல், வெள்ளிக் கொக்கி. பணம் ஒரு காசு கிடையாது. பெல்ட்டும் சொந்தமில்லை, ஓராண்டு வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால்தான் வீட்டோடு.

அந்த எட்டுப் பேரும் பந்து செய்பவர்கள், மட்டை செய்பவர்கள், புல்தரையைப் பார்த்துக்கொள்பவர்கள், கனவான்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் கேடிகள். ஆங்கிலத்தில் அந்த வேலைக்குப் பெயரே கேடிதான், நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கனவான்கள் நம் அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது: இவர்கள் கணக்கில் ஏமாற்றிவிடுவார்களோ என்று அடிகளை எண்ண ஆள் போட்டுக் கூடவே அனுப்பினார்கள்!

அடுத்த ஆண்டு, 1861-இல், போட்டி 'உலகத்தார் எல்லோருக்கும் திறந்தது' என்று அறிவித்தார்கள். இன்றைக்கும் அதன் பெயர் 'தி ஓப்பன்'. ஏழைக்குக் கதவு திறந்தது என்றுதானே தோன்றுகிறது? அதுதான் இல்லை. ஏழைத் தொழிலாளி முதல் ஆண்டே உள்ளே இருந்தான். கதவு திறந்தது கனவான்களுக்கு!

டாம் மோரிஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இளவயதில் அவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், நான் சொன்ன ஆலன் ராபர்ட்சனிடம் பந்து செய்யும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்துப் பந்துக்குள் இருந்தது பறவை இறகு. ஒரு நெட்டைத் தொப்பி நிறைய இறகை வேகவைத்து, தைத்த தோல் உறையின் சின்ன ஓட்டை வழியாக, இரும்புக் கம்பியை நெஞ்சில் முட்டுக்கொடுத்துத் திணிப்பார்கள். காயக் காய இறகு விரியும், தோல் சுருங்கும், பந்து கல்லாகிவிடும். ஒரு தொழிலாளி நாளுக்கு மூன்று நான்கு பந்து செய்தால் பெரிய விஷயம். அதனால் பந்தின் விலை சாமானியன் கைக்கு எட்டாது.

அப்போது, 1848 வாக்கில், மலாயாக் காட்டு மரத்துப் பாலில் செய்த பந்து வந்தது. கட்டா பெர்ச்சா என்று பெயர். வெந்நீரில் போட்டு இளக்கிக் கையால் கொழுக்கட்டை மாதிரி உருட்டினால் பந்து தயார். நைந்து போனால் மறுபடி வெந்நீர், மறுபடி உருட்டு. ராபர்ட்சனுக்கு அடிவயிற்றில் புளி கரைத்தது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் டாமிடம் பந்து தீர்ந்துபோய், எதிராளியிடம் அந்தப் பந்தை ஒன்று கடன் வாங்கி ஆடினார். அது முதலாளி காதுக்குப் போனது. வேலையை விட்டு வெளியே வந்தார் டாம். 1851-இல் பிரெஸ்ட்விக்கில் மைதானம் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் இந்தப் போட்டியின் கதையே தொடங்குகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: வழுவழு என்றிருந்த புதுப் பந்து சரியாகப் பறக்காது. அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து நேராகப் பறந்தது. அப்புறம் சுத்தியலால் தட்டி வேண்டுமென்றே தழும்பு போட ஆரம்பித்தார்கள். இன்றைய பந்தின் மேல் இருக்கிற சின்னச் சின்னப் பள்ளங்களுக்கு மூலம் அதுதான்.

டாம் நான்கு முறை ஜெயித்தார். கடைசியாக ஜெயித்தது 1867-இல், 46 வயதில். அதைவிட அதிக வயதில் இந்தப் போட்டியை வென்றவர் இன்றுவரை இல்லை. மறு ஆண்டு ஜெயித்தது அவர் மகன், அவன் பெயரும் டாம்தான், வயது 17. அதைவிடக் குறைந்த வயதில் வென்றவரும் இல்லை. 1869-இல் மகன் முதலிடம், அப்பா இரண்டாமிடம். 1870-இல் 578 கஜ நீளமுள்ள முதல் குழியை மூன்றே அடியில் முடித்தான் அந்தப் பையன். அரைக் கிலோமீட்டருக்கு மேல், அந்தக் காலத்து மர மட்டையால்! மூன்றாவது வெற்றி, பெல்ட் அவன் வீட்டுக்கே போய்விட்டது. 1871-இல் கொடுக்கப் பரிசும் இல்லை, போட்டியும் நடக்கவில்லை.

பிறகு மூன்று கிளப்புகள் தலைக்குப் பத்து பவுண்டு போட்டு வெள்ளியில் ஒரு வைன் கூஜா செய்யக் கொடுத்தன. அதுதான் உலகமே அறிந்த கிளாரட் ஜக். 1872-இல் மறுபடியும் அந்தப் பையன்தான் ஜெயித்தான். கூஜா இன்னும் தயாராகவில்லை, ஒரு பதக்கத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். கூஜாவில் பொறித்த முதல் பெயர் அவனுடையது. கையில் வாங்கிய முதல் ஆள், மறு ஆண்டு வென்ற டாம் கிட். 1875 செப்டம்பரில் அப்பாவும் மகனும் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மகனின் மனைவிக்கு ஆபத்து. படகில் கடலைக் கடந்து ஊர் சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் போய்விட்டிருந்தார்கள். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் காலையில் அவனும் இறந்து கிடந்தான், 24 வயது. தகப்பனார் அதற்குப் பிறகு 32 ஆண்டுகள் உயிரோடிருந்தார்.

போட்டி வளர்ந்தது. 1892-இல் 72 குழியானது, 1894-இல் இங்கிலாந்துக்குப் போனது, ஹாரி வார்டன் ஆறு முறை வென்றார், அந்தச் சாதனையை இன்னும் யாரும் தொடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. தொழில்முறை ஆட்டக்காரன் கிளப் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியாது. உடை மாற்றுவது கூட வெளியே கடையிலோ கொட்டகையிலோதான்.

1920-இல் டீல் என்ற ஊருக்கு வால்டர் ஹேகன் என்ற அமெரிக்கர் வந்தார். உள்ளே விடவில்லை. ஓட்டுநரோடு ஒரு சொகுசு காரை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலுக்கு நேரே நிறுத்தி, தினமும் அதற்குள்ளேயே உடை மாற்றினார். ஆட்டத்தில் 53-வது இடம்தான், அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1923-இல் ட்ரூன் மைதானத்தில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் இரண்டாமிடம். பரிசளிப்புக்கு மட்டும் உள்ளே அழைத்தார்கள். வாரம் முழுக்க வெளியே நின்றவன் இப்போது எதற்கு உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பக்கத்து மதுக்கடைக்குக் கூட்டிப்போனார். அதே ட்ரூனில் 2024-இல் வென்றவருக்குப் பரிசு 31 லட்சம் டாலர்.

1963-இல் இந்தப் போட்டியில் ஆடியவர்களில் செவ்சங்கர் செவ்கோலமும் ஒருவர். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், முன்னாள் கேடி. மட்டையைப் பிடிக்கும்போது இரண்டு கையும் இடம் மாறி இருக்கும். அதே ஆண்டு தன் சொந்த ஊரில் 'நேட்டால் ஓப்பன்' என்ற போட்டியை வென்றார். நிறவெறிச் சட்டத்தால் கிளப்புக்குள் அவருக்கு இடமில்லை. மற்றவர்கள் உள்ளே நிற்க, கொட்டுகிற மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார்.

நேரம் முடியப் போகிறது. வாசல் கதை இன்னும் ஒன்று பாக்கி. 1926, லிதம் மைதானம். பார்வையாளர்களிடம் முதன்முறையாக நுழைவுக் கட்டணம் வாங்கிய ஆண்டு. கடைசி நாள், இரண்டு சுற்றுக்கு நடுவே அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பினார். அடையாள வில்லையை அறையிலேயே மறந்துவிட்டார். வாயில் காவலர் அவரை அடையாளம் தெரியாமல் நிறுத்திவிட்டார். ஜோன்ஸ் வாக்குவாதம் செய்யவில்லை. பொதுமக்கள் வரிசைக்குப் போய்ச் சில்லறை கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அன்று மாலை கூஜாவை வாங்கியவர் அவர்தான்.

வணக்கம்.