தக்சிம் மைதானத்தில் பொறுக்கிய சொல்

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இரவுப் பணி பார்த்தவன் நான். ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டு, பதினோரு மணிக்குள் பக்கத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். துருக்கிக்கு நான் போனதே இல்லை. ஆனால் அந்த நாட்டுத் தெருக்கள்மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒரே ஒரு சொல்லால் பிடித்த பைத்தியம். 2013, 2025 இரண்டு வருடத்துப் போராட்டங்களையும் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பார்ப்போம், நேரம் எவ்வளவு விடுகிறது என்று.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இஸ்தான்புல் நகரின் நடுவே இருப்பது தக்சிம் மெய்தான். மெய்தான் என்றால் நம் மைதானம்தான். பாரசீகம், அரபு என்று சுற்றி அங்கேயும் போன சொல், இங்கேயும் வந்த சொல். தக்சிம் என்றால் பங்கிடுவது. 18-ஆம் நூற்றாண்டில் ஊருக்கு வெளியேயிருந்து கொண்டுவந்த குடிதண்ணீரை அங்கே சேர்த்துத்தான் பகுதி பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். தண்ணீர் பங்கிட்ட அதே இடத்தில் பின்னாளில் போலீஸ் வண்டி கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சியது. பெயரெல்லாம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

மைதானத்தை ஒட்டி கெசி பூங்கா. கெசி என்றால் உலா. ஒரு காலத்தில் அங்கே ஒட்டோமான் பீரங்கிப் படையின் முகாம் இருந்தது. 1940-ல் அதை இடித்தார்கள், பூங்கா வந்தது. 2013-ல் அந்த முகாமை அதே தோற்றத்தில் திரும்பக் கட்டப்போகிறோம் என்றது அரசு. உள்ளே வணிக வளாகம் வரும் என்றும் பேச்சு. மே 27 இரவு மண் அள்ளும் இயந்திரங்கள் வந்து சில மரங்களைச் சாய்த்தன. தடுத்தவர்கள் ஒரு சிறு கூட்டம். கூடாரம் போட்டு அங்கேயே படுத்தார்கள். மறுநாள் சிவப்பு உடையில், தோளில் ஒரு துணிப்பையோடு நின்ற பெண்ணின் முகத்துக்கு நேராகப் போலீஸ்காரர் ஒருவர் கண்ணீர்ப்புகையைப் பீய்ச்சும் படம் உலகமெல்லாம் போனது. 30-ஆம் தேதி விடியற்காலையில் போலீஸ் மறுபடி வந்தது. கூடாரங்கள் எரிந்தன. அடுத்த நாள் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. இஸ்தான்புல் மட்டுமில்லை. அங்காரா, இஸ்மிர், எஸ்கிஷெஹிர், அன்தாக்யா என்று பரவியது. துருக்கியின் 81 மாகாணங்களில் 79-ல் போராட்டம், கலந்துகொண்டவர்கள் சுமார் 25 லட்சம் பேர். இது அரசின் உள்துறை அமைச்சகமே சொன்ன கணக்கு.

சரி, இப்போது என் சொல்லுக்கு வருகிறேன்.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் ஆள் குறைவு. அன்றைக்குப் பிரதமராக இருந்த எர்டோகன் போராட்டக்காரர்களை 'ஒரு சில சாபுல்ஜு' என்று சொல்லிவிட்டார் எனச் செய்தி வருகிறது. சாபுல்ஜு. ஆங்கிலத்தில் அதற்குக் கொள்ளையர் என்று பொருள் கொடுத்திருந்தார்கள். நானும் 'கொள்ளையர்கள்' என்றே தலைப்புப் போட்டு மெய்ப்புக்கு அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார், எங்களுக்கெல்லாம் அவர் புலவரய்யா. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, யாரைக் கொள்ளையடிச்சாங்க?"

"யாரையும் இல்லைங்கய்யா. பூங்காவுல உட்கார்ந்திருக்காங்க."

"அப்புறம் எப்படிக் கொள்ளையர்?"

உட்கார்ந்து வேறு சொல் தேடினோம். சூறையாடிகள் என்றால் சரித்திர வாடை, ஒரு பத்தித் தலைப்பில் அடங்கவும் அடங்காது. காலிகள் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் காலிப் பாத்திரம் என்று நினைப்பார்கள். சமூகவிரோதிகள் என்று ஒரு சொல் எல்லா அலுவலகத்திலும் தயாராக இருக்கும், எடுத்து ஒட்ட வேண்டியதுதான். அது எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் புலவரய்யா மெதுவாகச் சொன்னார்: "பொறுக்கின்னு போடு. அந்த ஆள் சொன்ன தொனி அதுதான்." நேயர்கள் மன்னிக்க வேண்டும், வானொலியில் சொல்லக்கூடாத சொல்தான். பத்திரிகையிலும் போடக்கூடாது. மணி பத்தே முக்கால். 'கொள்ளையர்கள்' என்றே அச்சுக்குப் போனது.

வினை அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது. அங்கே ஜனங்கள் "ஆமாம், நாங்கள் சாபுல்ஜுதான்" என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். சட்டையில் எழுதிக்கொண்டார்கள், சுவரில் எழுதினார்கள். அந்தச் சொல்லுக்கு ஆங்கில வால் ஒட்டி 'சாபுலிங்' என்று ஒரு வினைச்சொல்லே உண்டாக்கினார்கள். உரிமைக்காகத் தெருவில் நிற்பது என்று அதற்குப் பொருள். அமெரிக்க மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கிகூட நானும் ஒரு சாபுல்ஜு என்று சொல்லி அனுப்பினார். எனக்கு என்ன கதி? ஒரு சொல்லை ஒருமுறை ஒருமாதிரி எழுதிவிட்டால் தொடர்ந்து அப்படியே எழுத வேண்டும் என்பது அலுவலக விதி. ஆகவே நான் எழுதினேன்: பூங்காவில் கொள்ளையர்கள் நூலகம் அமைத்துள்ளனர். கொள்ளையர்கள் இலவச உணவு வழங்கிவருகின்றனர். கொள்ளையர்களின் மருத்துவ முகாமில் முதலுதவி. ஒரு வாரத்தில் வாசகர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: "இந்தக் கொள்ளையர்கள் எங்கள் ஊருக்கு வர வாய்ப்புண்டா? எங்களுக்கு நூலகமும் இல்லை, மருத்துவரும் இல்லை."

அட்டையைப் புலவரய்யாவிடம் காட்டினேன். சிரித்தார். "நான் சொன்னதைப் போட்டிருந்தா சரியா இருந்திருக்கும் தம்பி. கீழே கிடந்த சொல்லைப் பொறுக்கிக்கிட்டாங்க பாரு."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. வீசப்பட்ட புகைக்குண்டை எடுத்துத் திருப்பி வீசினார்கள் என்று நாங்கள் முதல் பத்தியில் எழுதுவோம். வீசப்பட்ட சொல்லை எடுத்துத் திருப்பி வீசியது துணுக்காகத்தான் வரும், இடம் இருந்தால். நான் துணுக்குகளை வெட்டி வைக்க ஆரம்பித்தேன்.

அதில் ஒன்று சமையலறைத் துணுக்கு. இரவு ஒன்பது மணி ஆனால் அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களில் ஆட்கள் நின்று சட்டியையும் வாணலியையும் கரண்டியால் தட்டுவார்கள். வீட்டு விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். தெருவுக்கு வர முடியாத பாட்டி, கைக்குழந்தைக்காரி, முட்டி வலிக்காரர், எல்லோருக்கும் ஒரு பங்கு. எர்டோகன் அதற்கும் ஒரு வார்த்தை சொன்னார். 'தெஞ்செரே தவா, ஹெப் அய்னி ஹவா.' சட்டியும் தவாவும், எப்போதும் அதே மெட்டு என்று பொருள். எதுகையோடு சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே தவா என்று அவர் சொன்னது நம் ஓட்டலில் தோசை வார்க்கிற, பரோட்டா போடுகிற அதே தவாதான். என்ன ஆயிற்று? சில நாட்களுக்குள் ஓர் இசைக்குழு பாத்திரங்களைத் தட்டி, அந்த வரியையே வைத்து ஒரு பாட்டுப் பாடிவிட்டது. திரும்பவும் பொறுக்கிவிட்டார்கள்.

கூட்டத்தை விரட்ட வந்த தண்ணீர் பீய்ச்சும் வண்டிக்கு டோமா என்று பெயர். 'சமூக நிகழ்வுகளில் தலையிடும் வாகனம்' என்பதன் சுருக்கம். அரசாங்கப் பெயர் எந்த மொழியிலும் இப்படித்தான் இருக்கும். பெஷிக்தாஷ் கால்பந்துக் குழுவின் ரசிகர்கள் சும்மா நின்றிருந்த ஒரு மண் அள்ளும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு டோமாவைத் துரத்தினார்கள். அந்த இயந்திரத்துக்குப் பெயர் போமா. 'போலீஸ் நிகழ்வுகளில் தலையிடும் வாகனம்.' ஒரே ஓர் எழுத்துதான் மாறியது! சுவர்களில் எழுதியவையோ இன்னும் வேடிக்கை. 'சில விஷயங்கள் ஒழிக' என்று ஒன்று, அதுவும் வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு. இன்னொருவர் பெரிதாக எழுதிவைத்தது: 'கோஷம் எதுவும் தோன்றவில்லை.'

பெங்குவினைச் சொல்லாமல் விட முடியாது. தக்சிமில் புகை மூட்டமாக இருந்த இரவு, சிஎன்என் துர்க் தொலைக்காட்சி பெங்குவின் பற்றிய ஆவணப்படம் காட்டிக்கொண்டிருந்தது. அதே பெயரில் உள்ள சர்வதேச அலைவரிசையில் தக்சிம் நேரலை. ஜனங்கள் இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் பரப்பினார்கள். அடுத்த நாளிலிருந்து புகைமுகமூடி மாட்டிய பெங்குவின் எங்கும். மௌனமாக இருக்கும் ஊடகத்துக்கு 'பெங்குவின் ஊடகம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வானொலியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாங்களும் பெங்குவின் போட்ட இரவுகள் உண்டு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கோப்பில் வேடிக்கை இல்லாத வெட்டுத்துண்டுகளும் உண்டு. காயம்பட்டவர்கள் 8 ஆயிரத்துக்கு மேல் என்றது துருக்கி மருத்துவர் சங்கம். அங்காராவில் எதெம் சரிசுலுக் போலீஸ் குண்டு பட்டு இறந்தார். எஸ்கிஷெஹிரில் அலி இஸ்மாயில் கோர்க்மாஸ், வயது 19, கல்லூரி மாணவர். சந்துக்குள் ஓடியவரை அடித்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து இறந்தார். அதானாவில் போராட்டக்காரர்களைத் துரத்திப் போன போலீஸ் அதிகாரி ஒருவர் பாலத்திலிருந்து விழுந்து இறந்தார்.

அப்புறம் பெர்கின் எல்வான். இந்தப் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 14 வயதுப் பையன். ஜூன் 16 காலை ரொட்டி வாங்கக் கடைக்குப் போனான் என்றார்கள் வீட்டார். புகைக்குண்டு தலையில் பட்டது. 269 நாள் நினைவு திரும்பவே இல்லை. 2014 மார்ச் 11-ஆம் தேதி இறந்தபோது வயது 15, எடை 16 கிலோ. அந்த எடையை நான் மூன்று முறை சரிபார்த்தேன், அச்சுப்பிழையாக இருக்கும் என்று. அவனுக்காக ஜனங்கள் வீட்டு வாசல்களில் ரொட்டியை வைத்தார்கள், கறுப்பு நாடா கட்டி.

ரொட்டிக்கு ஒருவரும் வேறு பெயர் வைக்கவில்லை. எதையும் எடுத்துத் திருப்பி வீச முடியாத இடம் அது.

பூங்காவை ஜூன் 15 இரவு போலீஸ் காலி செய்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி சாயங்காலம் எர்தெம் குந்துஸ் என்ற நடனக் கலைஞர் தக்சிம் மைதானத்துக்கு வந்தார். கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அதாதுர்க் கலாசார மையக் கட்டடத்தைப் பார்த்தபடி நின்றார். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். போலீஸ் வந்து பையைச் சோதித்தது, அவரையும் தடவிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. மொத்தம் எட்டு மணி நேரம் போல நின்றிருக்கிறார். செய்தி பரவி மற்றவர்களும் வந்து பக்கத்தில் நின்றார்கள். பிறகு வேறு ஊர்களிலும் நின்றார்கள். 'துரான் ஆதாம்', நிற்கிற மனிதன் என்று பெயர். ஆதாம் என்றால் மனிதன். நம் வேதப் புத்தகத் தமிழில் வரும் ஆதாம்தான். அன்றைக்கு நான் கைவசம் வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை. 'கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் லேசான தடியடி நடத்தினர்' என்று எழுதி எழுதிப் பழகிய கை. நிற்கிற ஒரு ஆளைக் கலைப்பது என்று எப்படி எழுதுவது?

படைமுகாம் கடைசிவரை கட்டப்படவில்லை. பூங்கா இன்றும் இருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டு நின்ற கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். 2021 மே 28-ல் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பெரிய மசூதியை எர்டோகன் திறந்துவைத்தார். கெசி போராட்டத்துக்குப் பணம் கொடுத்துத் தூண்டினார் என்று கொடை முயற்சிகளுக்குப் பெயர்பெற்ற ஒஸ்மான் கவாலாவை 2017-ல் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் விடுதலை என்று தீர்ப்பு வந்த அன்றைக்கே வேறு வழக்கில் மறுபடி காவல். 2022-ல் ஆயுள் தண்டனை.

கடிகாரம் நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியிருக்கிறது. 2025-ஐப் பற்றிப் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது இஸ்தான்புல் மேயராக இருந்த எக்ரெம் இமாமோக்லு, எதிர்க்கட்சியின் அடுத்த அதிபர் வேட்பாளராக வரவிருந்தவர். மார்ச் 18-ல் அவருடைய பட்டத்தைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. அதிபர் தேர்தலில் நிற்கப் பட்டம் வேண்டும் என்பது அங்கே சட்டம். 19-ஆம் தேதி காலையில் கைது. ஊழல் வழக்கு என்றது அரசுத் தரப்பு, அரசியல் என்றது எதிர்த்தரப்பு. கூட்டம் கூடத் தடை போட்டும் மாணவர்கள் போலீஸ் தடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இரவு தவறாமல் மாநகராட்சி அலுவலகம் இருக்கும் சராச்சானேயில் கூட்டம். பத்து நாளுக்குள் பிடிபட்டவர்கள் 1,800-க்கு மேல்.

அந்தக் கூட்டத்தில் பலர் 2013-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுடைய துணுக்குகளும் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அன்தால்யா நகரில் போலீஸ் துரத்த, மஞ்சள் நிறத்தில் பிகாச்சு பொம்மை வேடம் போட்ட ஒருவர் குட்டிக் காலை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி ஓடுகிறார். பிகாச்சு யார் என்று என் பேத்தி எனக்கு அரைமணி நேரம் விளக்கினாள். அதை உங்களுக்கு விளக்க எனக்கு மூன்று நிமிடமாவது வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைத்தான் காட்டுகிறார்கள்.

வணக்கம்.