கண்ணாடிக்குள் இருக்கும் கடற்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

கி.பி. 301-ஆம் ஆண்டு. விலைவாசியை அடக்குவதற்காக ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓர் ஆணை போடுகிறார். எந்தப் பொருளையும் குறித்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. அந்த நீண்ட பட்டியலில் கண்ணாடியும் உண்டு. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரப் பெயர் கொண்ட அலெக்சாந்திரியக் கண்ணாடி ராத்தல் 24 தினாரியஸ். தினாரியஸ் என்பது ரோம நாணயம். பச்சைச் சாயல் கொண்ட யூதேயக் கண்ணாடி, அதாவது பாலஸ்தீனப் பகுதிக் கண்ணாடி, 13 தினாரியஸ்தான்.

மண்ணுக்குள்ளிருந்து இன்று எடுக்கும் துண்டுகளில் அலெக்சாந்திரியக் கண்ணாடி எது? மணலில் இருக்கும் இரும்புதான் கண்ணாடிக்குப் பச்சை நிறம் தருகிறது. ஆன்டிமணி சேர்த்தால் அந்தப் பச்சை போய்விடும். ஆன்டிமணி வேறொன்றுமில்லை, நம் அஞ்சனக்கல்லில் இருக்கும் உலோகம்தான். அப்படித் தெளிய வைத்த கண்ணாடிதான் அலெக்சாந்திரியக் கண்ணாடி என்று ஆய்வாளர்கள் பலகாலம் ஊகித்தார்கள். ஆனால் நிரூபிக்க முடியவில்லை.

பாத்திரத்தின் வடிவத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. மணலையும் சோடா உப்பையும் பெரிய உலைகளில் உருக்கும் வேலை சில இடங்களில் மட்டுமே நடந்தது. குளிர்ந்த பாளத்தை உடைத்து, கப்பலில் ஏற்றி விற்பார்கள். வேறு ஊர்ப் பட்டறைக்காரர் அதை மறுபடி உருக்கி, ஊதிக் கிண்ணமாக்குவார். ஆக, கிண்ணம் பிறந்த ஊர் வேறு, கண்ணாடி பிறந்த ஊர் வேறு.

இங்கேதான் ஐசோடோப்புகள் உதவிக்கு வருகின்றன. ஒரே தனிமத்தின் அணுக்களில் சில கொஞ்சம் கனமாக இருக்கும், சில லேசாக இருக்கும். இரண்டும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது மண்ணுக்கு மண் மாறுபடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சினாலும் அந்த விகிதம் கலையாது. எனக்கு இதில் பெரிய வியப்பே அதுதான். உருவம், நிறம் எல்லாம் நெருப்பில் மாறிப்போன பிறகும் மணலின் அடையாளம் அப்படியே தங்கிவிடுகிறது.

முதலில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தைப் பார்த்தார்கள். கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். சிப்பி, கடல்நீரின் ஸ்ட்ரான்சியத்தை உள்வாங்கி வளர்ந்தது. அதில் எடை எண் 87 உள்ள கனமான அணுக்களுக்கும் 86 உள்ள லேசான அணுக்களுக்கும் உள்ள விகிதம் கடல்நீரில் 0.7092. கண்ணாடியிலும் அதை ஒட்டிய எண் வந்தால், கடற்கரை மணலில் செய்தது என்று கொள்ளலாம். அப்புறம் நியோடிமியம் என்ற இன்னொரு தனிமம். அது நைல் நதி கொண்டுவந்த மணலை மேற்கு மத்தியதரைக் கடலோர மணலிலிருந்து பிரித்துக் காட்டும்.

சரி, அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. நைல் கடலில் கொட்டும் மணலை நீரோட்டம் கரையோரமாகவே கிழக்கே இழுத்துப் போய், பாலஸ்தீனக் கரையில் சேர்க்கிறது. எகிப்துக்கும் யூதேயாவுக்கும் ஒரே ஆற்றின் மணல்! இரண்டு அளவைகளும் அங்கே தடுமாறின.

விடை சிர்க்கானில் இருந்தது. இது மணலில் கிடக்கும் கனமான தாதுத் துகள். சாதாரண மணலைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்கு கனம். மணல் கரையோரமாக நகர நகர, கனமான துகள்களும் லேசான துகள்களும் தனித்தனியாகப் பிரிகின்றன. ஹாஃப்னியம் என்ற தனிமம் பெரும்பாலும் சிர்க்கானுக்குள்தான் இருக்கிறது. அதனால் வழிநெடுக ஹாஃப்னியத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறுகிறது.

2020-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜோர்தானின் ஜெராஷ் நகரில் தோண்டியெடுத்த கண்ணாடித் துண்டுகளை இப்படிச் சோதித்தார்கள். ஆன்டிமணி சேர்த்த தெளிந்த கண்ணாடி எகிப்திலிருந்து வந்தது உறுதியானது. பட்டியலில் இருந்த பெயர் உண்மைதான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறித் துறைமுகத்தில் வந்து இறங்கிய சரக்குகளில் ஊதாத கண்ணாடியையும் சேர்க்கிறது. அந்தப் பாளங்கள் எந்தக் கரை மணலில் பிறந்தவை? அதில் ஒரு சில்லு கிடைத்தால் முதலில் ஹாஃப்னியத்தைத்தான் அளந்து பார்க்கச் சொல்வேன்.

நன்றி, வணக்கம்.