குடைக்காம்பும் தலைக்கோலும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். “டீச்சர், இவரு நிஜமாவே இளவரசராம். டிவி டான்ஸ் போட்டியில ஆடி ஜெயிச்சிருக்காரு. இளவரசர் எதுக்கு டீச்சர் போட்டியில போய் ஆடணும்?”

நல்ல கேள்வி. அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். சமூக மன்றங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடனம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆடுகிறவர் யார், பார்க்கிறவர் யார், யாருடைய கையில் பரிசு இருக்கிறது என்பதெல்லாம் வெகுகாலமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பவை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அந்த இளவரசரின் பெயர் இமானுவேலே ஃபிலிபெர்த்தோ. இத்தாலியை ஆண்ட சவோய் வம்சம். அவருடைய தாத்தா இரண்டாம் உம்பெர்த்தோதான் இத்தாலியின் கடைசி அரசர். 1946 மே மாதம் பட்டத்துக்கு வந்தார், ஜூனில் நாட்டை விட்டுப் போனார். அதனால் அவருக்கு ‘மே மாத அரசர்’ என்றே பெயர் நின்றுவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 2ஆம் தேதி, அரசர் வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று மக்களிடமே கேட்டார்கள். குடியரசுக்கு ஏறக்குறைய 12.7 மில்லியன் வாக்குகள், அரசருக்கு 10.7 மில்லியன். கவனியுங்கள், பத்து மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள் அரசர் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். அப்படியும் அவர் போக வேண்டியதாயிற்று.

போனவர் திரும்பி வரவும் முடியவில்லை. அவரும் சரி, அந்த வம்சத்து ஆண் வாரிசுகளும் சரி, இத்தாலிய மண்ணை மிதிக்கக்கூடாது என்று புதிய அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பேரன் 1972இல் ஜெனிவாவில் பிறந்தார். பெயர் இத்தாலியப் பெயர், ஆனால் எல்லையைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியாது. அந்தத் தடை 2002இல்தான் நீங்கியது. அப்போது அவருக்கு முப்பது வயது.

எதற்காக அவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கொள்ளுத்தாத்தா மூன்றாம் விக்தோர் இமானுவேலேதான் 1922இல் பாசிசத் தலைவர் முசோலினியைப் பிரதமராக்கியவர். 1938இல் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களில் கையெழுத்திட்டவரும் அவரே. அது லேசில் மறக்கிற காரியமா? குடும்பத்தார் திரும்பி வந்த பிறகும் காரியத்தைக் கெடுத்துக்கொண்டார்கள். நாடு கடத்தப்பட்ட கஷ்டத்துக்காக 2007இல் இத்தாலிய அரசிடம் 260 மில்லியன் யூரோ இழப்பீடு கேட்டார்கள். வரி கட்டுகிற மக்களுக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

அடுத்த ஆண்டு, 2008இல், இளவரசர் தேர்தலில் நின்றார். தோற்றார். 2009 தொடக்கத்தில் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராயின் நடனப் போட்டிக்குப் போனார்.

அந்தப் போட்டியின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. பிரபலமானவர் ஒருவர், தொழில்முறை நடனக் கலைஞர் ஒருவர், இருவரும் ஜோடி. நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள், மக்கள் தொலைபேசியில் வாக்களிப்பார்கள், வாரா வாரம் ஆட்கள் வெளியேறுவார்கள். நம் ஊரிலும் 2004இல் சிங்கப்பூர் ஐடல் பாட்டுப் போட்டி நடந்தபோது தௌஃபிக் பத்திஷாவுக்காக வீடு வீடாகக் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தோமே, அந்தப் பரபரப்புதான். இளவரசருக்கு ஜோடி ரஷ்யாவில் பிறந்த நடாலியா தித்தோவா. கடைசியில் ஜெயித்தது அந்த ஜோடிதான்.

தாத்தாவைப் போகச் சொன்னதும் மக்களின் வாக்கு, பேரனை ஜெயிக்க வைத்ததும் மக்களின் வாக்கு. இடையில் அறுபத்து மூன்று ஆண்டுகள்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வகுப்புக்கு ஓர் அண்ணன் வந்தார். செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. நாற்பது பேரை வேலை வாங்கிய குரல், கதவுக்கு வெளியே நின்று பேசினாலும் உள்ளே கேட்கும். பேத்தி என்னிடம் படித்தாள். அந்த ஆண்டு பொங்கலுக்கு மாதவி அரங்கேற்றத்தை நாட்டிய நாடகமாகப் போட்டோம். சோழ மன்னன் வேடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆட வேண்டியதில்லை. நடந்து வந்து ஆசனத்தில் உட்கார்ந்து, கடைசியில் மாலையைக் கொடுக்க வேண்டும். “அண்ணே, நீங்க உட்கார்ந்தாலே ராஜா மாதிரி இருக்கும், வாங்க” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்தப் பிள்ளை என் முன்னால ஆடுது. அது என்ன ஆடுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம நான் எப்படி டீச்சர் மாலையைக் கொடுக்கிறது?”

அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு. பதினொரு சிறு பெண்கள், பின்வரிசையில் இவர். முதல் பாடம் தட்டடவு. அரைமண்டியில் உட்கார்ந்து, காலைத் தூக்கித் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். முழுப் பாதம் பட்டால் ஒரு சத்தம், குதிகால் முந்திக்கொண்டால் வேறு சத்தம். தாளம் தட்டும் தட்டுக்கழியையும் கட்டையையும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். இதோ, மேசையில் தட்டுகிறேன், கேளுங்கள். தை… யா… தை… இந்தக் கட்டையின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. கழி பட்டுப் பட்டு விழுந்த பள்ளம், என் கட்டைவிரல் அதில் பொருந்தும்.

அண்ணனுக்குக் குதிகால்தான் முந்தும். முப்பது ஆண்டு இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டு நடந்த கால் அல்லவா. நான் திருத்தினேன், கேட்டுக்கொண்டார். அது பெரிதில்லை. முன்வரிசையில் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண் திரும்பிப் பார்த்து, “அங்கிள், உங்க முட்டி உள்ள போகுது” என்றாள். நாற்பது பேரை அதட்டிய மனிதர், “எங்கம்மா, காட்டு” என்று குனிந்தார். அவள் அவர் முட்டியைப் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

ஆறு மாதம் வந்தார். பொங்கல் விழாவன்று மேடையில், ஆசனம் வரைக்கும் சும்மா நடந்து போக வேண்டிய இடத்தில், நான்கு வரி அடவு வைத்தார். சுத்தமாகத்தான் வைத்தார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், அதே பேட்டை, அதே கோப்பிக்கடை. முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது, இரண்டாவது வரியில் அது நின்றது, நான்காவது வரி முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மனிதர் பழகியிருக்கிறார் என்பது அவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. நாடகம் முடிந்த பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். “விழாதான் முடிஞ்சுபோச்சே அண்ணே?” என்றேன். “மூணாவது அடவு இன்னும் வரல டீச்சர்” என்றார்.

இளவரசருக்கு வருகிறேன். வால்ட்ஸ் என்ற மேற்கத்திய ஜோடி நடனத்தில் ஆண் முன்னோக்கி அடி வைக்கும்போது குதிகால்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். எங்களுக்குத் தப்பு, அவர்களுக்குச் சரி. ஆனால் பழகுகிறவன் படுகிற பாடு ஒன்றுதான். மற்றவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். ஆசிரியர் கைபிடித்துத் திருத்துவார், நடுவர்கள் நாட்டு மக்கள் முன்னால் மதிப்பெண்ணைச் சொல்வார்கள், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அரண்மனையும் பட்டமும் நடனத் தரையில் ஓர் அடிக்கும் உதவாது. மக்கள் அவருக்கு வாக்களித்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். அழகானவர், பேசத் தெரிந்தவர், அதுவும் உண்மைதான். ஆனால் வாரக் கணக்கில் ஒருவர் மாணவனாக நிற்பதைப் பார்த்தார்கள் பாருங்கள், அதற்குத்தான் பெரிய பங்கு.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். அதே 2009 ஜூன் மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். நடனத்தில் ஜெயித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தோற்றார். மக்கள் தெளிவாக இருந்தார்கள். நடனத்துக்கு விழுந்த வாக்கு நடனத்துக்கு மட்டுமே. அடுத்த ஆண்டு சன்ரேமோ பாட்டு விழாவில், இத்தாலி மீது தனக்குள்ள அன்பைச் சொல்லும் பாட்டை இன்னும் இருவரோடு சேர்ந்து பாடினார். வீட்டிலிருந்து வாக்களித்தவர்கள் இரண்டாம் இடம் வரைக்கும் தூக்கிவிட்டார்கள். அரங்கத்திலோ ஒரே கூச்சல், இசைக்குழுவினரே இசைத்தாள்களைக் கசக்கி மேடையில் எறிந்தார்கள். ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று பாடினால் நம்பவா வேண்டாமா என்று கேட்பவருக்குச் சந்தேகம் வரும். முட்டியை வளைத்துக் காட்டினால் வராது.

திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் கண்ணால் பார்த்தது இது.

வாக்கு என்றதும் இன்னொன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டி, எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம். கூப்பன் வாங்கிப் போட்டால் அது ஒரு வாக்கு. ஒரு குடும்பம் கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டது. நன்றாக ஆடிய என் மாணவி நான்காவதாக வந்தாள். கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஜெயித்த பிள்ளையோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து, பணம் கொடுத்து வாக்கு வாங்கும் எந்தப் போட்டிக்கும் என் பிள்ளைகளை நான் அனுப்புவதில்லை.

சரி, சிலப்பதிகாரம். அரங்கேற்று காதையைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பழகி, பன்னிரண்டு வயதில் மாதவி மன்னன் முன் ஆடுகிறாள். பரிசு தலைக்கோலி என்ற பட்டம், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலை. அந்தப் பட்டத்துக்குப் பெயர் தந்த தலைக்கோல் என்ற கோல் எதிலிருந்து வந்தது தெரியுமா? போரில் தோற்றுப் புறமுதுகு காட்டிய அரசனின் வெண்குடைக் காம்பு அது! அந்தக் காம்பின் கணுக்களில் மணி பதித்து, பொன் தகடு சுற்றி, பொற்குடத்து நீரில் நீராட்டி, மாலை சூட்டி, பட்டத்து யானையின் துதிக்கையில் கொடுத்து, முரசு முழங்க ஊர்வலமாகக் கொண்டு வந்து அரங்கில் வைப்பார்கள். அதன் பிறகுதான் ஆட்டம் தொடங்கும்.

விழுந்துபோன ஒரு குடையின் காம்பை, ஆடுகிறவளுக்கு முன்னால் மரியாதையோடு கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். சவோய் குடை 1946இல் விழுந்தது. 2009இல் அதன் வாரிசு தானே அரங்கத்துக்கு வந்தார், தலைக்கோலாக அல்ல, ஆடுகிறவராக. எங்கள் பொங்கல் நாடகத்துக்குத் தலைக்கோல் செய்தவரும் அந்த ஃபோர்மேன் அண்ணன்தான். பழைய குடை ஒன்றை உடைத்து, காம்பை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஜிகினாத் தாள் சுற்றிக் கொண்டு வந்தார். அது இன்னும் என் வீட்டு அலமாரி மேலே இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் மிச்சம். நம் சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரம் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன், சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். அரச வாரிசு என்றால் எங்கோ இத்தாலியில்தான் என்று எண்ண வேண்டாம். 1819 பிப்ரவரி 6ஆம் தேதி உடன்படிக்கையில் ராஃபிள்ஸ் சுல்தானாக ஏற்றுக்கொண்ட ஹுசேன் ஷாவின் சந்ததியினர், கம்போங் கிளாம் இஸ்தானாவில், அதாவது அரண்மனையில், 1999 வரைக்கும் குடியிருந்தார்கள். நம் காலத்தில்தான் அந்த வீட்டை விட்டு வெளியேறினார்கள். இன்று அது மலாய் மரபுடைமை நிலையம். அந்தக் குடும்பங்கள் நம்மைப் போலவே வேலைக்குப் போய், நம் அக்கம்பக்கத்தில்தான் வாழ்கின்றன. பேருந்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த வம்சமாக இருக்கலாம்.

இளவரசர் 2021இல், கொள்ளுத்தாத்தா கையெழுத்திட்ட இனச் சட்டங்களுக்காக இத்தாலிய யூதச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அதைப் பற்றியும் பேச நினைத்தேன், ஒரு விரல்தான் மிச்சம்.

அடுத்த முறை புசோரா ஸ்திரீட் பக்கம் போனால் நிமிர்ந்து சுல்தான் பள்ளிவாசலைப் பாருங்கள். பொன்னிறக் குவிமாடத்தின் அடியில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள், ஏழை மக்கள் தந்த புட்டிகள். வெயில் சாய்கிற நேரத்தில் போங்கள், நன்றாகத் தெரியும். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.