திங்கட்கிழமை வராத மாணவர்

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்படிப்பில் சேரும் மாணவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் இயந்திரப் பாகங்களைப் பொருத்தக் கற்றுத்தரும் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவர் முதல் சில வாரங்கள் செய்வதெல்லாம், இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் தேய்த்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, இடையில் வெளிச்சம் தெரியாத அளவுக்குச் சமமாக்குவதுதான். உள்ளங்கை கொப்பளித்துவிடும். பேரையூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, இயந்திரம் ஓட்டும் ஆசையோடு மதுரைக்கு வரும் பையன், "இதைத் தேய்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று நினைக்கத் தொடங்குவது அந்த வைஸின் முன்னால்தான். அந்தத் தேய்ப்புதான் கைக்கு அளவைப் பழக்குகிறது என்பதை, பயிற்றுநராக இருந்த நானே பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னதில்லை.

இடைநிற்றல் என்றதும் வறுமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அரசு நிலையங்களில் மாத உதவித்தொகையும் பேருந்து அட்டையும் உண்டு. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துத் தகுதி பெற்ற மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கிறது. ஆனால் சனிக்கிழமை மாலை கையில் விழும் கூலிக்கு முன்னால் இவை நிற்பதில்லை. வெல்டர் படிப்பு ஓராண்டுதான். பற்றவைப்பு அரைகுறையாகக் கைவந்த ஆறாம் மாதத்தில் கிரில் பட்டறைக்காரர் கூப்பிடுகிறார், வீட்டில் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, பையன் போய்விடுகிறான். படிப்பை முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இல்லாமல், ரயில்வே பணிமனையில் தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்கான தொழில்பழகுநர் இடத்துக்கு விண்ணப்பிக்கக்கூட முடியாது என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிய வருகிறது.

பாலிடெக்னிக்கில் கதை சற்று வேறு. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்தவர் முதலாண்டிலேயே கணக்கையும் இயற்பியலையும் ஆங்கிலப் பாடநூலில் சந்திக்கிறார். தேறாத பாடங்கள், அதாவது அரியர், சேரச் சேர, வீட்டில் சொல்லக் கூசி, கல்லூரிக்குப் போவதாகக் கிளம்பி மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் பொழுதைக் கழிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

யாரும் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூலி வேலைக்குப் போன களைப்பில் முதலில் திங்கட்கிழமைகள் விடுபடும். வருகைப் பதிவேட்டைக் கூர்ந்து பார்ப்பவருக்கு அது முன்கூட்டியே தெரியும். அப்படி விடுபட்டு, பிறகு மூன்று வாரம் வராமலேயே இருந்த ஒரு மாணவரின் வீட்டுக்கு ஒருமுறை போனேன். குடும்பமே மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தது. பறிப்பு முடிந்து பூவைச் சந்தைக்கு அனுப்பாமல் அவரால் கிளம்ப முடியாது. இரண்டாம் ஷிப்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கே மாற்றிக் கொடுத்தோம், படிப்பை முடித்தார்.