யாய் யார்? ஞாய் யார்?

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வரவேற்புரையை இருபது நிமிடம் ஆற்றி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, விடுமுறை நாளிலும் கதவைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே (அந்தப் பொன்னாடையை மடித்துத் தங்களிடமே தருகிறேன், அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஆகும்), ஒலிபெருக்கித் தம்பியே, நாற்காலி போட்ட பிள்ளைகளே, கடைசி வரிசையில் கதவோரமாக முன்யோசனையோடு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அவர்களையும் விளித்ததாகக் கொள்ளுங்கள். போன ஆண்டு ஒருவரை விட்டுவிட்டு இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை.

‘ஒரு காதல் பாட்டின் பொருள்’ என்று தலைப்புத் தந்தார்கள். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருத்தி அந்தச் சிக்கலைத் தீர்த்தாள். “ஐயா, ‘நறுமுகையே’ பாட்டுல யாயும் ஞாயும்னு வருதே, அது யாரு?” என்று கேட்டாள். 1997இல் வந்த ‘இருவர்’ படத்துப் பாட்டு. எழுதியவர் வைரமுத்து, இசை ஏ.ஆர்.ரகுமான். அந்தச் சொற்கள் வந்த இடம் குறுந்தொகை, நாற்பதாம் பாட்டு.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, பாட்டின் சொற்பொருள். இரண்டு, பாடியவர் பெயர். மூன்று, அதில் வரும் செம்புலம் எந்த நிலம் என்பது. மூன்றாவதில்தான் எனக்கும் பலருக்கும் வழக்கு. அதற்கென்று கால்மணி நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். தாய் என்றால் அவனுடைய, அவளுடைய அம்மா. இன்று நாம் ‘என் தாய்’ என்கிறோமே, பழைய கணக்குப்படி அது ‘என்னுடைய அவளுடைய அம்மா’ என்று ஆகிவிடும்! எந்தை, நுந்தை, தந்தை என்பதும் அதே கணக்குத்தான். ஒற்றைச் சொல்லுக்குள் உறவையும் வைத்து, அது யாருக்கு உறவு என்பதையும் வைத்த மொழி ஐயா இது.

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நானும் நீயும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம்? செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல, அன்புடைய நம் நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன. பெயல் என்றால் மழை; பெயல் நீர் சேர்ந்து பெயனீர்.

இதைக் கொண்டாட்டப் பாட்டு என்று நினைப்பவர்கள் பாட்டின் அடியில் இருக்கும் பழைய குறிப்பைப் பார்க்க வேண்டும். தலைவனும் தலைவியும் முதல்முறை கூடிவிட்டார்கள். அதன்பிறகு அவள் முகம் மாறுகிறது. இவன் போய்விடுவானோ என்று அஞ்சுகிறாள். அந்த மாற்றத்தைக் கண்டு அவன் சொன்னது இது. ஆகவே முதல் மூன்று அடியில் இருக்கும் கேள்விகள் அவனுடையவை என்று நான் நினைக்கவில்லை. அவள் வாய் கேட்கவில்லை, கண் கேட்டது. அதை அவன் எடுத்து உரக்கச் சொல்கிறான். உன்னைப் பிரியமாட்டேன், இந்த மலைமேல் ஆணை என்று சூளுரைத்திருக்கலாம். செய்யவில்லை. காலடியில் ஓடும் சிவந்த நீரைக் காட்டினான்.

கடைசி அடியில் ‘தாம்’ என்று ஒரு சிறு சொல் இருக்கிறது, பார்த்தீர்களா? யாரும் கலக்கவில்லை. தாயர் கலக்கவில்லை, தந்தையர் கலக்கவில்லை, நானும் நீயும்கூடக் கலக்கவில்லை. நெஞ்சங்கள் தாமே கலந்தன. யான், நீ என்று தொடங்கியவன் முடிவில் அந்த இரண்டு சொல்லையும் தொலைத்துவிடுகிறான். கலங்கிய நீர் நாளைக்குத் தெளியாதா என்று குறும்புக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு மூன்றாம் செய்தியில் விடை இருக்கிறது.

இப்போது ஒன்று கேட்கிறேன். அவன் முதலில் விசாரித்தது யாரை? அம்மாவை! என் பாட்டி ஓயாமல் சொல்வாள்: “தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்.” நம் தலைவன் துறைப்பக்கமே போகவில்லை, மகளை நேரே பார்த்துவிட்டான். ஆனாலும் வாயைத் திறந்தவுடன் வருவது யாய், ஞாய். தந்தையர் இரண்டாம் அடியில் வரிசையில் நிற்கிறார்கள். திரைப்பாட்டில் அந்த வரிசையும் இல்லை. யாயும் ஞாயும் வருகிறார்கள், யானும் நீயும் வருகிறார்கள், எந்தையும் நுந்தையும் வரும் அடியைக் காணோம்!

இங்கிருக்கும் தந்தையர் கோபிக்க வேண்டாம். அதே திரைப்பாட்டில் ‘அற்றைத் திங்கள்’ என்று வருகிறது அல்லவா? அது புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது. அன்றைய நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றும் இருந்தது என்று இரண்டு பெண்பிள்ளைகள் அழுத அழுகை. காதல் பாட்டின் நடுவே அப்பனை இழந்த மகள்களின் குரல் கேட்கிறது. அது தெரிந்த நாள் முதல் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். நான் எட்டு ஆண்டுகளாகப் போகிற கூட்டத்திலெல்லாம் சொல்வது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து மட்டும் ஏன்? அம்மாவின் எழுத்தும் வேண்டும். முதலில் வேண்டும்.

என் மகள் திருமணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன். என் மனைவி பெயர் முதலில், என் பெயர் அடுத்து என்று எழுதி, அச்சகத்தில் கல்லாவில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கணினியில் உட்கார்ந்திருந்த தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. மெய்ப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நான் தமிழாசிரியன் அல்லவா, வல்லினம் மிகவேண்டிய இடமெல்லாம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஒரு ‘க்’ போட்டுத் திருப்பி அனுப்பினேன். அறுநூறு பத்திரிகை கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. என் தம்பி ஐம்பதை எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டான். அவனும் படித்தவன்தான், பிரித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் என் மனைவி ஒன்றைப் பிரித்தாள். மஞ்சள் தடவ உட்கார்ந்தவள், நெடுநேரம் பத்திரிகையையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஏங்க, நீங்க எப்போ போனீங்க?” என்றாள். வாங்கிப் பார்த்தேன். என் பெயருக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள், ‘லேட்’.

(சிரிப்பு)

இன்னும் முடியவில்லை, இருங்கள். மூன்றாம் நாள் காலை. வாசலில் நாற்காலி போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறேன். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். யார் வீட்டிலோ பாவம் என்று எட்டிப் பார்த்தால், என் அத்தை, அப்பாவின் தங்கை, மார்பில் அடித்துக்கொண்டு வருகிறாள். கிட்டே வந்து என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள். “உசுரோடதான் இருக்கியாடா பாவி?” என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு அழுததுதான் அதிகம். பேருந்துச் செலவையும் என்னிடமே வாங்கிக்கொண்டாள்.

அச்சகத்துக்குப் போனேன். சண்டைக்குத்தான் போனேன். அந்தத் தம்பி எழுந்து நின்று சொன்னான்: “சார், அம்மா பேரு முதல்ல இருந்தா அப்பா இல்லைன்னுதானே சார் அர்த்தம்? கேட்டா மனசு கஷ்டப்படுவாங்கன்னு நானே போட்டுட்டேன்.” எனக்குச் சண்டை போடத் தோன்றவில்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்க்கச் சொன்ன நாடு. பத்திரிகையில் அவள் பெயர் மேலே வர, நான் சாக வேண்டியிருக்கிறது!

இது வெறும் பத்திரிகை விவகாரம் இல்லை. மகனுக்காக முதலீட்டுப் பத்திரம் வாங்க ஒரு தாய் கையெழுத்துப் போட்டார். தந்தை கையெழுத்துப் போடட்டும் என்றது ரிசர்வ் வங்கி. அந்தத் தாய், கீதா ஹரிஹரன், உச்ச நீதிமன்றம் வரை போனார். தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக, அதாவது பிள்ளையின் சார்பில் முடிவெடுக்கும் உரிமையுள்ளவராக, இருக்கலாம் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு வந்தும் பல விண்ணப்பப் படிவங்களில் முதல் கட்டம் தந்தை பெயர்தான்.

இரண்டாவது செய்தி, விரைவாக. இந்தப் புலவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. செம்புலப் பெயனீர் என்று பாடினார். செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார், அதுவும் அப்படி வந்த பெயரே. குப்பைக்கோழியார் என்றுகூட ஒருவர் உண்டு. தகப்பன் பெயரோடு வருபவர்களும் இருக்கிறார்கள், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று. நக்கீரரின் அம்மா யார்? நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே என்று வாதாடிய பிள்ளையாகக் கதைகள் சொல்கின்றனவே, அந்த வாயை வளர்த்தவள் பெயரை யாராவது எழுதி வைத்தார்களா? தாயைத் தண்ணீர்த் துறையில்... சரி சரி, செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். அடுத்துப் பரிசளிப்பு, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள்.

செம்புலம் எந்த நிலம் என்பதை அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன். பின்னால் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அம்மாவின் முதலெழுத்து, அப்பாவின் முதலெழுத்து, அப்புறம் உங்கள் பெயர், இந்த வரிசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செல்லுங்கள். முதல் கையெழுத்தைத் தலைவர் அவர்கள் மேடையேறும் முன்பே போட்டுவிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் தன் அம்மாவின் எழுத்தை முதன்முதலாகப் போடுகிறார். எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா என்னுடையது, நூல் கட்டியிருக்கிறேன், அறுத்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.