எத்தனை கட்டை?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நடுவில் கீபோர்டில் வாசித்துக் காட்டியவற்றை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மேடை எனக்குப் புதிதில்லை, மைக் புதிது. இருபத்தெட்டு வருடமாக ஒரு மெல்லிசைக் குழுவில், மைக்குக்கு ஆறடி பின்னால் நின்று, பாடுகிறவர்களின் முதுகைப் பார்த்தபடி கீபோர்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே இருப்பவர்களில் சிலருடைய கல்யாணத்துக்கே வாசித்திருப்பேன். ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், பூ அலங்காரத்துக்குப் பின்னால் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையதாக இருக்கலாம்.

என்னைப் பேச அழைத்த அண்ணன், "நீங்க சொந்தமா பாட்டு போடுறதில்ல. அடுத்தவங்க போட்ட பாட்டைத்தான் வாசிக்கிறீங்க. அதுல என்ன வேலை இருக்குன்னு சொல்லுங்களேன்" என்றார். தப்பான கேள்வி இல்லை. பெண் பார்க்கப் போனபோது என் மாமனார் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. எப்படியோ பெண்ணைக் கொடுத்துவிட்டார், அதனால் பதிலும் கடனாகவே நின்றுபோனது.

புதிதாக ஒருவர் பாட வந்தால், நாங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "எத்தனை கட்டை?" என்று கேட்போம். கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. சி என்று மேற்கத்திய இசையில் சொல்வது நமக்கு ஒரு கட்டை. டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. மூன்றரை கிடையாது, ஏனென்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. புதிதாக வரும் பையன்களிடம் "மூன்றரையில பிடிடா" என்று சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் குழுவில் பழைய விளையாட்டு.

சினிமாவில் ஒரு பாட்டு ஒரு குரலுக்காகப் பதிவானது. எஸ்.பி.பி. மேலே ஏறி நிற்கிற இடத்துக்கு நம்மூர்ப் பாடகரால் ஏற முடியாது. சரி, ஒரு கட்டை இறக்கு என்பார். இறக்கினால் அவருக்குச் சுகம். ஆனால் அது டூயட்டாக இருந்தால், கூடப் பாடுகிற பெண்ணின் குரல் அடியில் போய்த் தட்டும், அங்கே வார்த்தை காற்றாகத்தான் வரும். அரைக் கட்டை ஏற்று, இல்லை இறக்கு என்று இருவருக்கும் பொதுவான இடத்தைத் தேட வேண்டும். இது பெரும்பாலும் முந்தின பாட்டுக்கு ஜனங்கள் கைதட்டுகிற நேரத்துக்குள் நடக்கும். ரெக்கார்டு என்பது ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டை. அதைப் பிரித்து வேறொருவருக்குச் சேர்த்துத் தைத்துக் கொடுக்கிறோம், அதுவும் அவர் போட்டுக்கொண்டு நிற்கும்போதே.

கீபோர்டில் இதற்கு டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் விரல் பழைய இடத்திலேயே போகும், சத்தம் மட்டும் கட்டை மாறி வரும். கிடார்காரர் கிடாரின் கழுத்தில் கேபோ என்ற கவ்வியை மாட்டிக்கொள்வார், ஆனால் அதை வைத்து மேலே ஏறலாமே தவிர கீழே இறங்க முடியாது. பாவம் புல்லாங்குழல்காரர்தான். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழல் என்று ஒரு துணிப்பை நிறைய வைத்திருப்பார். கடைசி நேரத்தில் கட்டை மாறினால் அந்தப் பைக்குள் இருட்டில் துழாவுவார். பாட்டு முடிந்ததும் நான் அந்த டிரான்ஸ்போஸை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இப்படி மாற்றியதைத் திருப்பி வைக்க மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கக்கேடு.

நான் 1997இல் சேர்ந்தேன், முதல் பேட்டா 150 ரூபாய். அப்போது குழுவில் பதினான்கு பேர். தபேலா, டோலக், காங்கோ, டிரம்ஸ், இரண்டு கிடார், குழல், வயலின் எல்லாம் தனித்தனி ஆள். ஏ.வி. ரமணனின் மியூசியானோ போல ஒரு குழு வைக்க வேண்டும் என்பது எங்கள் மாஸ்டரின் கனவு. இளையராஜாவே 1976இல் சினிமாவுக்கு வருவதற்கு முன், அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர்தானே என்று பயிற்சியின்போது அடிக்கடி சொல்வார். சொல்லிவிட்டு எங்களைப் பார்ப்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம்.

எங்கள் வயலின்காரர் வயதானவர், தைலம் மணக்கும் வெள்ளைச் சட்டை. நான் கீபோர்டில் வயலின் மாதிரி ஒலிக்கும் ஸ்ட்ரிங்ஸ் டோனைப் பழகிக்கொண்ட அதே வருடம் அவரைக் கூப்பிடுவது குறைந்தது. யாரும் அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேனில் இடம் இல்லை என்றார்கள். அவருடைய பேட்டாவில் ஒரு பங்கு எனக்கு வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஆக்டோபேட். நான்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் எட்டுத் தகடு, ரோலண்டு 1985இல் கொண்டுவந்த சாமான். குச்சியை வைத்து ஒரே ஆள் டிரம்ஸும் காங்கோவும் தபேலாவும் தட்டிவிடுவார். பதினான்கு பேர் ஏழானோம். இப்போது மைனஸ் ஒன் டிராக், அதாவது பாடகரின் குரல் மட்டும் இல்லாத இசைப்பதிவு, வந்துவிட்டது. ஒரு லேப்டாப்பும் இரண்டு பாடகர்களும் இருந்தால் போதும். வயலின்காரருக்கு நான் செய்ததை லேப்டாப் எனக்குச் செய்கிறது. இதில் நான் ரொம்பவும் நியாயம் பேச முடியாது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். டிராக்குக்குக் கண் கிடையாது. ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் கைகோத்து வாசலிலிருந்து நடந்து வருகிறார்கள். ஆரம்ப இசை நாற்பது நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் ஒரு பாட்டி நிறுத்தித் திருஷ்டி கழிக்கிறார், இல்லை ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. மாஸ்டர் விரலைச் சுழற்றிக் காட்டினால் நாங்கள் அதே நான்கு தாளவட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்போம். அவர்கள் சோபாவை நெருங்கும்போது தலையை ஆட்டுவார், பல்லவி தொடங்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தானாகப் பொருந்திய மாதிரி இருக்கும்.

சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். கல்யாண மண்டபத்தில் சோகப் பாட்டு கூடாது என்பது எழுதாத சட்டம். ஆனால் எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர் அதைத்தான் எழுதுவார், சீட்டோடு ஐம்பது ரூபாயையும் மடித்து வைத்திருப்பார். மாஸ்டர் குனிந்து, "இது கல்யாண வீடுங்க" என்று மெதுவாகச் சொல்வார். தாளம் குதூகலமாகவும் வார்த்தை அழுகையாகவும் சில பாட்டுகள் உண்டு, அவற்றைக் கொடுத்துச் சமாளிப்போம். முதல் பாட்டும் இடத்துக்கு இடம் மாறும். கோயில் என்றால் பிள்ளையார், பரங்கிப்பேட்டைப் பக்கம் கல்யாணம் என்றால் நாகூர் அனிபா பாடியது, மாதா கோயில் திருவிழா என்றால் வேளாங்கண்ணி. வாசிக்கிற விரல் ஒன்றுதான். எல்லாம் முடிந்து கடைசிப் பந்திக்குப் போனால் சாம்பார் வாளி காலியாக இருக்கும். ரசம், அப்பளம், மோர். பாதிச் சாப்பாட்டில் மண்டபத்து மேனேஜர் ஃபேனை நிறுத்துவார்.

எங்கள் வருமானம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் உண்டு. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், அங்கே கடற்காற்றில் ஒரு ராத்திரி வாசித்தால் கிடார் கம்பி துரு பிடிக்கும், என் கட்டைகள் விரலில் ஒட்டும். புரட்டாசியில் வருமானம் வறண்டுவிடும். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் டிசம்பர் 31 இருக்கிறது. புதுச்சேரி ஓட்டல்களில் அன்று ஒரு ராத்திரிக்குக் கிடைப்பது சாதாரண மாதத்தில் பாதிக்குச் சமம். கிடைத்தால்தான். ஒரு ஓட்டலில் பாதிப் பணத்தைச் சித்திரை பிறந்த பிறகு கொடுத்தார்கள். மீதி இன்னும் வரவேண்டும்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மறுநாள் ராத்திரி வாசிக்க வேண்டிய பாட்டுகளின் வரிசை என் சட்டைப் பையில் இருந்தது. கரண்டு இல்லை, சாலையெல்லாம் மரம். அந்த ஒரு ராத்திரி போனது பெரிதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன. முந்திரி விற்ற காசில்தான் அந்த ஊர்களில் திருவிழாக் கச்சேரி வைப்பார்கள். புதுக் கன்று நட்டுக் காய்ப்புக்கு வரச் சில வருடம் ஆகும் இல்லையா, அதுவரை அந்த ஊர்களிலிருந்து எங்களுக்கு அழைப்பே வரவில்லை. மரம் விழுந்தால் கீபோர்டுகாரனுக்கு என்ன என்று அதற்கு முன் நான் நினைத்ததுண்டு. 2020 மார்ச் ஊரடங்கு பங்குனியில் வந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். நான் அந்த ஆறு மாதம் காய்கறி வண்டி ஓட்டினேன்.

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறீர்கள். அடுத்தவர் பாட்டை வாசிக்கச் சட்டம் விடுகிறதா என்று உள்ளே வரும்போது ஒரு தம்பி கேட்டார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு மதச் சடங்குகளுக்கு விலக்கு கொடுக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய மற்ற விழாக்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் இருக்கிறது. ஓட்டலில் டிக்கெட் போட்டு நடத்தும் புத்தாண்டு நிகழ்ச்சி அப்படி இல்லை, அதற்கு நடத்துகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு போய்ச் சேருவது நியாயம்தான். அவர்கள் போட்ட சோற்றைத்தான் இத்தனை வருடமாகத் தின்கிறேன்.

என் வேலையை அதிகமாக மாற்றியது வேறொரு விதி. 2000இல் வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா என்றால் வருடத்தில் சில நாட்களுக்குப் பன்னிரண்டு வரை அரசு அனுமதிக்கலாம். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இது நல்ல விதி, என் மகளும் படித்தவள்தான். ஆனால் முன்பு விடியக் காலை மூன்று வரை வாசித்தோம். பன்னிரண்டுக்கு மேல் குத்துப்பாட்டுக்கு ஆடுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாயை விரித்துப் படுத்துக் கேட்கிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். நிதானமான பாட்டெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இப்போது ஏழரைக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிக்க வேண்டும், அதனால் வேகமானதாகவே கேட்கிறார்கள்.

1999 ஆடி மாதம். பண்ருட்டிக்குத் தெற்கே முந்திரிக்காடு சூழ்ந்த ஒரு ஊர். ராத்திரி ஒரு மணி இருக்கும். ஒரு பாட்டி மேடையேறி வந்து தானும் ஒரு பாட்டு பாட வேண்டும் என்றார். மாஸ்டர் களைத்துப்போய் இருந்தார், சரி என்றார். நான் வழக்கப்படி, "எத்தனை கட்டை பாட்டி?" என்று கேட்டேன்.

"கட்டையா? முந்திரிக் கட்டைதான் கெடக்கு வூட்டுல, எத்தினி வேணும்?" என்றார்.

மைக் திறந்திருந்தது. ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, எங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை, எடுத்துவிட்டார். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு. நான் நாலில் தேடினேன், இல்லை. நாலரையில் தேடினேன், இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்று பாடினார், ஆனால் அந்த இடத்தைவிட்டு ஒரு மயிரிழைகூட நகரவில்லை. டோலக் அண்ணன் மட்டும் கூடச் சேர்ந்துகொண்டார். அதற்குள் கரண்டு போய்விட்டது. பாட்டி நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே, பாயில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

கரண்டு வந்து என் கீபோர்டு உயிர் பெறுவதற்குள் அவர் இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டார். அரைக் கட்டைக்கும் குறைவாகச் சுருதியை நகர்த்தும் டியூனிங் பக்கத்தைத் திறந்து, காதை வைத்து, துளித் துளியாக ஏற்றிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் வந்து ஒட்டியது. ஒற்றை விரலால் ச என்ற சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி வரை கூடப் போனேன். பாட்டி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பாடி முடித்துப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்.

நான் அந்த மயக்கத்திலேயே இருந்தேன். டியூனிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். அடுத்த பாட்டு புல்லாங்குழலோடு தொடங்குவது. குழல் ஒரு பக்கம், நான் கால் கட்டை தள்ளி இன்னொரு பக்கம், கிடார்காரர் தன் கம்பிதான் இறங்கிவிட்டது என்று பதறி முறுக்கிக்கொண்டிருக்கிறார். படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். காலையில் வேனில் கணக்கு பார்க்கும்போது மாஸ்டர் என் பேட்டாவில் இருபது ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.